தீயும் மீனும் கட்டிய ஊர்: நார்வேயின் ஓலெசுண்ட்

நார்வேயின் மேற்குக் கரையில் நிலம் கடலோடு சண்டையிட்டுச் சிதறியதுபோல் தீவுகளாகப் பிரிந்து கிடக்கும் பகுதி சுன்மோர. அதன் தலைநகரம் என்று சொல்லத்தக்க ஊர் ஓலெசுண்ட். வட அட்சரேகை 62 பாகையைச் சற்றுத் தாண்டி, நூர்வோயா, ஆஸ்போயா, ஹெஸ்ஸா ஆகிய தீவுகளின்மேல் ஊர் நீண்டு படர்ந்திருக்கிறது. நூர்வோயாவுக்கும் ஆஸ்போயாவுக்கும் நடுவே ஓடும் புரோசுண்டெட் என்ற குறுகிய நீர்வழியே ஊரின் நடு முற்றம். அதன் இரு கரைகளிலும் மீன் பண்டகசாலைகள் நேராகத் தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கின்றன. படகு வாசற்படிக்கே வந்து சரக்கை இறக்குவதற்காக அப்படிக் கட்டினார்கள். இன்று அவற்றுள் பல விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறிவிட்டன. ஊரைப் பார்க்க வருபவர் காண்பதில் பெரும்பகுதி அவருக்காகக் கட்டப்பட்டதல்ல. மீன்பிடித் தொழிலும் ஒரு பெருந்தீயும் விட்டுச் சென்றவையே ஓலெசுண்டின் காட்சிகள். அங்குள்ள உணவையும் சேவைகளையும்கூட இந்தப் பின்னணியில்தான் சரியாகப் புரிந்துகொள்ள முடியும்.

ஓலெசுண்டுக்கு வணிக நகர உரிமை 1848இல் கிடைத்தது. காட் மீன் பிடித்தல், அதை உப்பிட்டு உலர்த்துதல், தென் ஐரோப்பாவுக்கு ஏற்றுதல் ஆகியவற்றால் அது விரைவாக வளர்ந்தது. வீடுகள் மரத்தாலானவை, நெருக்கமாகக் கட்டப்பட்டவை. 1904 ஜனவரி 23ஆம் நாள் அதிகாலை, ஆஸ்போயாவின் மேற்கு முனையில் இருந்த ஓர் உணவு பதனிடும் ஆலையில் தீப்பிடித்தது. தென்மேற்கிலிருந்து புயற்காற்று வீசிக்கொண்டிருந்தது. காற்று தீயை ஊருக்குள் விரட்டியது. ஏறத்தாழ 850 வீடுகள் எரிந்து போயின. நடுங்கும் குளிர்காலத்தில் சுமார் 10,000 பேர் கூரையற்று நின்றனர். அவ்வளவு பெரிய அழிவிலும் உயிரிழந்தவர் ஒரே ஒரு மூதாட்டி என்பது வியப்புக்குரியது.

முதலில் வந்த வெளியுதவிகளில் பெரியது ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முடையது. கோடைதோறும் இப்பகுதியின் ஃபியோர்டுகளுக்கு, அதாவது மலைகளுக்கு நடுவே புகுந்து செல்லும் குறுகிய கடற்கால்களுக்கு, கப்பலில் வந்து பழகியவர் அவர். உணவு, மருந்து, போர்வை, கட்டுமானப் பொருள் ஆகியவற்றோடு கப்பல்களை அனுப்பிவைத்தார். ஊரின் ஒரு முக்கியத் தெரு இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நகரப் பூங்காவில் அவருக்கு நினைவுக்கல்லும் உண்டு. பின்னர் இரண்டாம் உலகப் போரில் இதே ஊர் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்கீழ் இருந்தது. ஷெட்லாந்து தீவுகளுக்குத் தப்பியோடிய படகுகள் பல இங்கிருந்து புறப்பட்டதால் அக்காலத்தில் ‘குட்டி லண்டன்’ என்றும் இது அழைக்கப்பட்டது. அப்படியிருந்தும் பேரரசரின் பெயர் தெருவிலிருந்து நீக்கப்படவில்லை.

ஊர் மீண்டும் எழுந்த விதத்தைத் தீர்மானித்தவை மூன்று. முதலாவது சட்டம்: இந்தத் தீயை அடுத்து நார்வே நகரங்களில் இனிக் கல்லாலோ செங்கல்லாலோதான் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. இரண்டாவது வேலையின்மை: 1899இல் தலைநகர் கிறிஸ்தியானியாவில் (இன்றைய ஓஸ்லோ) கட்டுமானத் தொழில் சரிந்திருந்தது. வேலையில்லாமல் இருந்த கட்டடக் கலைஞர்களும் கொத்தனார்களும் ஓலெசுண்டுக்குப் படையெடுத்தனர். மூன்றாவது வயது: அந்தக் கலைஞர்களில் பலர் இளைஞர்கள். ட்ரான்ஹெய்மிலும் ஜெர்மனியிலும் படித்துத் திரும்பியவர்கள். அப்போது ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்த ஆர்ட் நூவோ பாணியை, ஜெர்மானியர் யூகென்ட்ஸ்டில் என்று அழைத்த வடிவில் கற்றிருந்தனர். 1904க்கும் 1907க்கும் இடையே நகரின் நடுப்பகுதி ஏறக்குறைய முழுவதும் கட்டி முடிக்கப்பட்டது. ஒரே பாணியில், ஒரே தலைமுறைக் கலைஞர்களால், மூன்றே ஆண்டுகளில் எழுந்த நகர மையம் ஐரோப்பாவிலேயே அரிது.

கட்டடங்களின் அமைப்பை நின்று பார்க்க வேண்டும். அடித்தளம் கரடுமுரடான கருங்கல். அதன்மேல் பூசப்பட்ட செங்கற்சுவர். வெளிர் மஞ்சள், இளஞ்சிவப்பு, சாம்பல் வண்ணங்கள். தெருமுனைகளில் சுவர்கள் வளைந்து திரும்புகின்றன. மேலே சிறு கோபுரங்கள். வாயில்களில் கொடியும் பூவும் மட்டுமன்றி, பழைய வைக்கிங் மரச்செதுக்கலை நினைவூட்டும் யாளி போன்ற விலங்குகளும் பின்னிக் கிடக்கின்றன. 1905இல்தான் நார்வே ஸ்வீடனோடு இருந்த ஒன்றியத்திலிருந்து பிரிந்து தனிநாடானது. அந்த ஆண்டுகளின் தேசிய உணர்வு, வெளியிலிருந்து வந்த பாணியோடு கலந்து சுவர்களில் பதிவாகியிருக்கிறது. ஆஸ்போயாவின் கிர்க்கெகாத்தா தெருவும் புரோசுண்டெட் ஓரத்து அபோத்தெக்கர்காத்தாவும் இதைக் காண ஏற்றவை. 1909இல் கட்டப்பட்ட ஊர்த் தேவாலயம் வெளியே கனத்த கல்லாகவும் உள்ளே சுவரோவியங்கள் நிறைந்ததாகவும் இருக்கிறது.

இந்தக் கதையை முறையாகச் சொல்லும் இடம் யூகென்ட்ஸ்டில் மையம். ஹாக்பார்த் ஷூட்டெ-பெர்க் வடிவமைத்து 1907இல் முடிந்த ‘அன்னப்பறவை மருந்தகம்’ என்ற கட்டடத்தில் 2003இல் இது திறக்கப்பட்டது. மருந்துக் கடையின் செதுக்கு வேலைப்பாடுள்ள அலமாரிகளும் மாடிப்படியும் அப்படியே காக்கப்பட்டுள்ளன. ஊரில் ஓர் அருங்காட்சியகத்துக்கு மட்டுமே நேரம் இருப்பவர் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை முதலில் பார்த்துவிட்டால் வெளியே தெருக்கள் வேறு மாதிரித் தெரியத் தொடங்கும்.

தீயில் தப்பியவற்றுள் ஒன்று 1861இல் கட்டப்பட்ட ஹோல்ம்புவா என்ற மரப் பண்டகசாலை. இன்று அது மீன்பிடி அருங்காட்சியகம். மீன் உலர்த்துதல், மீன் ஈரல் எண்ணெய் காய்ச்சுதல், பழைய மீனவக் கருவிகள் ஆகியவற்றை அங்கே காணலாம். ஓலெசுண்ட் அருங்காட்சியகத்தில் உள்ள முட்டை வடிவ உயிர்காப்புப் படகு இன்னும் சுவையான கதை கொண்டது. ஓலெ புரூடெ என்ற உள்ளூர் மாலுமி, முழுவதும் மூடிய இரும்புப் படகு புயலிலும் கவிழாது என்று நம்பினார். நம்பிக்கையை மெய்ப்பிக்கத் தீ நடந்த அதே 1904ஆம் ஆண்டின் ஆகஸ்டில், மூன்று துணைவரோடு அத்தகைய படகில் அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்டார். 1905 ஜனவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து க்ளோஸ்டர் துறையை அடைந்தார். இன்று கப்பல்களில் தொங்கும் மூடிய உயிர்காப்புப் படகுகளுக்கு அது முன்னோடி.

ஊருக்குக் கிழக்கே போர்குண்டில் சுன்மோர அருங்காட்சியகம் உள்ளது. இடைக்கால வணிகத் தலமொன்று இருந்த இடத்தில், பல கிராமங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய மரவீடுகள் திறந்தவெளியில் நிற்கின்றன. படகுகளின் தொகுப்பும் உண்டு. கூட்டம் குறைவான, அவசரமில்லாமல் சுற்ற ஏற்ற இடம் இது.

எல்லாப் படங்களிலும் வரும் ஓலெசுண்டைக் காண அக்ஸ்லா குன்றில் ஏற வேண்டும். நகரப் பூங்காவிலிருந்து 418 படிகள் மேலே செல்கின்றன, வாகனத்திலும் போகலாம். மேலிருந்து பார்த்தால் ஊர் கடலுக்குள் நீட்டிய விரல்போலக் கிடக்கிறது; ஒரு பக்கம் திறந்த அட்லாண்டிக், மறுபக்கம் சுன்மோர ஆல்ப்ஸ் எனப்படும் கூர்மலைகள். படிகள் தொடங்கும் பூங்காவில் ரோலோ என்ற வைக்கிங் தலைவனின் சிலை நிற்கிறது. நார்மண்டி நாட்டை நிறுவிய அவன் இந்தத் தீவுகளைச் சேர்ந்தவன் என்பது உள்ளூர் மரபு. டேனிய நாட்டவன் என்று வாதிடும் வரலாற்றாசிரியரும் உண்டு. நார்மண்டியின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 1911இல் பிரான்சின் ரூவான் நகரம் இச்சிலையைப் பரிசளித்தது.

ஊருக்கு மேற்கே மூன்று கிலோமீட்டரில், துயெனெசெட் முனையில், 1998இல் திறக்கப்பட்ட அட்லாண்டிக் கடல் பூங்கா இருக்கிறது. அதன் பெரிய தொட்டி நாற்பது லட்சம் லிட்டர் கடல்நீர் கொள்வது. காட், ஹாலிபட், கடல் விலாங்கு என இந்தக் கரையின் உயிர்களையே முதன்மையாகக் காட்டுவது அதன் சிறப்பு. வெப்பமண்டல வண்ணமீன்களால் கண்ணைக் கவரும் காட்சிக்கூடங்கள் எங்கும் உண்டு. தன் வாசலில் உள்ள கடலைக் கற்பிக்கும் கூடம் அவற்றைவிட மதிப்புமிக்கது. குடும்பத்தோடு வருபவர்களுக்கு, குறிப்பாக மழைநாளில், இதைவிட நல்ல இடம் இல்லை. மழைநாள் இங்கே அரிதும் அல்ல.

சுற்றியுள்ள தீவுகளுக்கு 1987 முதல் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கச் சாலைகள் வழி செய்தன. அதற்கு முன் படகுதான். கிஸ்கெ தீவில் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறு பளிங்குத் தேவாலயம் உள்ளது. பளிங்கு அத்தீவில் கிடைப்பதல்ல, கடல்வழியே கொண்டுவரப்பட்டது. அக்காலத்தில் அங்கே வாழ்ந்த தலைவர் குடும்பத்தின் செல்வாக்குக்கு வேறு சான்று வேண்டியதில்லை. கோதோயா தீவின் அல்னெஸ் மீனவக் குடியிருப்பில், 1936இல் கட்டப்பட்ட வெள்ளையும் சிவப்பும் பட்டைகளான கலங்கரை விளக்கத்தின் உச்சிவரை ஏறிப் பார்க்கலாம்.

தெற்கே, ஊர்தியும் படகும் மாற்றிச் சென்றால் ரூண்டெ தீவு. தென் நார்வேயின் மிகப் பெரிய கடற்பறவை மலை இதுவே. பஃபின் என்ற வண்ண அலகுப் பறவைகள் வசந்தத்தில் வந்து, ஆகஸ்டு தொடக்கத்தில் கடலுக்குத் திரும்புகின்றன. பகலெல்லாம் கடலில் இரை தேடி மாலையில் கூட்டமாகப் பாறைக்கு வருவதால், பிற்பகலில் மலையேறி இரவு எட்டு மணிக்குமேல் காத்திருப்பதே சரியான முறை. ஜூனில் அந்நேரத்திலும் நல்ல வெளிச்சம் இருக்கும். இதே தீவருகே 1725இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘அகெரெந்தாம்’ கப்பல் மூழ்கியது. 1972இல் நீர்மூழ்கி வீரர்கள் அதன் தங்க, வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தனர்.

பறவைகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். நார்வேக் கரையில் கடற்பறவைகள், குறிப்பாகக் கிட்டிவேக் என்ற கடற்காக்கை இனம், பல்லாண்டுகளாகக் குறைந்து வருகின்றன. பாறைகளை விட்ட கிட்டிவேக்குகள் ஓலெசுண்டின் நடுவே வீட்டுச் சன்னல் விளிம்புகளில் கூடு கட்டுகின்றன. இரைச்சலும் எச்சமும் குடியிருப்பவருக்கும் கடைக்காரருக்கும் பெருந்தொல்லை என்பது உண்மை. ஆனால் அழிவை நோக்கிச் செல்லும் ஓர் இனம் ஊருக்குள் அடைக்கலம் தேடி வந்திருக்கிறது. அதை விரட்டாமல் இடம் ஒதுக்கித் தருவதே ஊருக்குப் பெருமை.

மலைப்பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு ஃபியோர்டுகள் முக்கியம். கெய்ராங்கர் ஃபியோர்ட் 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. செங்குத்தான பாறைகளில் கைவிடப்பட்ட சிறு பண்ணைகள், ‘ஏழு சகோதரிகள்’ அருவி, முறுக்கிச் செல்லும் மலைச்சாலை என அதன் புகழுக்குக் காரணம் பல. யூருண்ட்ஃபியோர்ட் அவ்வளவு பெயர் பெறாதது. அமைதியை நாடுபவர்கள் இதையே தேர்ந்தெடுக்கலாம். மலைகள் எந்த வகையிலும் குறைந்தவையல்ல.

உணவைப் பற்றிய பேச்சு காட் மீனிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆயிரங்கால் தூண்டிலிலும் இழுவை மடியிலும் பிடித்த மீனின் தலையை நீக்கி, பிளந்து, முதுகெலும்பை எடுத்து, வாரக்கணக்கில் உப்பில் கிடத்தி, பிறகு உலர்த்தினால் கிடைப்பது கிளிப்ஃபிஸ்க். முன்பு கடற்கரைப் பாறைகளில் பெண்களும் சிறுவர்களும் காலையில் பரப்பி, மழை வந்தால் ஓடிச்சென்று குவித்து மூடினார்கள். இன்று ஆலைகளுக்குள் காற்றோட்ட அறைகளில் உலர்த்துகிறார்கள். கருவாடு என்றால் நம்மவர் நினைக்கும் வாடை இதில் இல்லை; ஊறவைத்ததும் சதை வெண்மையாக, மடல் மடலாகப் பிரியும். இதில் பெரும்பகுதி போர்த்துகலுக்கும் பிரேசிலுக்கும் போகிறது. மீனைக் கொண்டு சென்ற மாலுமிகளும் வணிகர்களும் அந்நாட்டுச் சமையலைக் கொண்டு திரும்பினார்கள். அதன் விளைவுதான் ஓலெசுண்டின் அடையாள உணவான பக்கலாவ்: ஊறவைத்த கிளிப்ஃபிஸ்க், உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, ஆலிவ் எண்ணெய், மிளகாய் ஆகியவற்றை அடுக்கடுக்காக வைத்து மெதுவாக வேகவிடுவது. காரத்துக்குப் பழகாத நார்வேச் சமையலில் மிளகாய் இயல்பாகப் புழங்கும் உணவு இது ஒன்றுதான் எனலாம். தமிழ் நாக்குக்கும் இது எளிதில் பிடிக்கும்.

குளிர்காலத்தின் உணவு வேறு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிடக் கரை நோக்கி வரும் காட் மீனை ‘ஸ்க்ரெய்’ என்பர். அதன் சதையை வேகவைத்து, ஈரலும் சினையும் சேர்த்து, உருளைக்கிழங்கோடு உண்பது ‘மோல்யெ’. வேறு எந்தக் காலத்திலும் கிடைக்காத புதுச்சுவை அந்த மீனில் உண்டு. பாலாடை சேர்ந்த மீன் சூப்பும் மீன் வடைகளும் ஆண்டு முழுவதும் கிடைக்கும். இனிப்பில் இப்பகுதிக்கே உரியது ‘ஸ்வேலெ’ என்ற தடித்த தோசை. மாவு, முட்டை, புளித்த பால் ஆகியவற்றைச் சோடா சேர்த்துக் கல்லில் சுட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் அல்லது பழுப்புப் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துத் தருவார்கள். 1970களில் இம்மாவட்டப் படகுகளில் விற்கத் தொடங்கியபின் அது நாடெங்கும் பரவியது. படகு கடக்கும் இருபது நிமிடங்களில் சூடாக அதைச் சாப்பிடுவது இங்கு பழக்கமாகிவிட்ட ஒன்று.

மீன் பதனிடும் தொழிலுக்கும் தமிழருக்கும் நார்வேயில் உண்மையான தொடர்பு உண்டு. 1980களில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர் பலர் வடநார்வேயின் கரையூர்களில் மீன் ஆலைகளில் வேலை பார்த்தே அந்நாட்டில் கால் ஊன்றினர். நார்வேயின் மேசைக்கு வந்த மீனில் அவர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது.

உணவகங்களில் விலை மிக அதிகம். உள்ளூர்க் குடும்பங்கள்கூட வெளியே உண்பதை விழாவாகவே கருதுகின்றன. பகலில் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டிதான் பலருக்கு உணவு. செலவைக் கட்டுப்படுத்த விரும்புபவர் சமையலறையுள்ள தங்குமிடத்தைத் தேடுவது நல்லது. சைவ உணவு முன்பைவிட எளிதாகக் கிடைக்கிறது என்றாலும் மெனுவில் ஒன்றிரண்டு வகைக்குமேல் எதிர்பார்க்க முடியாது. குழாய்நீரை அப்படியே குடிக்கலாம். புட்டி நீர் வாங்குவது வீண் செலவு. வெகுமதிப் பணம் கட்டாயமில்லை. 4.7 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மதுவை அரசின் வின்மோனோபோலெட் கடைகளில்தான் வாங்க முடியும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதை முன்கூட்டியே நினைவில் கொள்ள வேண்டும்.

ஓலெசுண்டுக்கு ரயில் கிடையாது. மிக அருகிலுள்ள நிலையம் ஓந்தல்ஸ்நெஸ்; அங்கிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். விமான நிலையம் விக்ரா தீவில் இருக்கிறது; கடலடிச் சுரங்கங்கள் வழியே பேருந்து ஊருக்கு வரும். 1893இல் தொடங்கிய ஹூர்டிகுருட்டன் கடலோரக் கப்பல் சேவை, பெர்கனுக்கும் ரஷ்ய எல்லையருகே உள்ள கிர்க்கெனெஸுக்கும் நடுவே ஓடுகிறது. நாள்தோறும் இரு திசைக் கப்பல்களும் இங்கே நிற்கும். 2021 முதல் ஹாவிலா நிறுவனமும் இப்பணியைப் பகிர்ந்துகொள்கிறது. சரக்கும் உள்ளூர்ப் பயணிகளும் ஏறி இறங்கும் கப்பல் என்பதால் ஒரு துறையிலிருந்து அடுத்த துறைவரை மட்டும் சீட்டு வாங்கிப் போகலாம். மாவட்டப் பேருந்தும் விரைவுப் படகும் ஃப்ராம் என்ற பெயரில் இயங்குகின்றன. இவையெல்லாம் பள்ளிக்கும் வேலைக்கும் போகும் உள்ளூர்க்காரருக்காக ஏற்பட்டவை. அதனால்தான் நேரம் தவறுவதில்லை; குளிர்காலத்திலும் நிற்பதில்லை.

தங்குமிடங்களுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது துறைமுக அலைதாங்கியின் முனையிலுள்ள மோல்யா கலங்கரை விளக்கம். அந்தச் சிறு சிவப்புக் கோபுரத்தை ஒரே ஓர் அறையாக மாற்றி, பண்டகசாலையில் இயங்கும் விடுதி ஒன்று வாடகைக்கு விடுகிறது. இந்தியரும் இலங்கையரும் நார்வேக்கு ஷெங்கன் விசா பெற வேண்டும். அவசர மருத்துவ உதவிக்கு 113, காவலுக்கு 112, தீயணைப்புக்கு 110. உயிராபத்தில்லாத திடீர் நோய்க்கு 116117. பணம் பெரும்பாலும் அட்டையில்தான் செலுத்தப்படுகிறது. வேலியிடாத காடு, மலை, கடற்கரையில் எவரும் நடக்கவும் கூடாரமிடவும் 1957ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. குடியிருப்பிலிருந்து 150 மீட்டராவது தள்ளிக் கூடாரமிட வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று.

ஜூன் நடுவில் ஏறத்தாழ இருபது மணி நேரம் பகல். டிசம்பரில் ஐந்து மணி நேரம்தான். நடுக்கோடைத் திருநாளில் ஸ்லினிங்கன் குடியிருப்பின் இளைஞர்கள் மரச் சட்டங்களை அடுக்கிக் கோபுரம் எழுப்பித் தீ மூட்டுகிறார்கள். 2016இல் அது 47.39 மீட்டர் உயர்ந்து அப்போதைய உலகச் சாதனையானது. தீயால் அழிந்த ஊர் ஆண்டுதோறும் தீயைச் சுற்றிக் கூடுகிறது. ஆகஸ்டு இறுதியில் உணவுத் திருவிழாவும் நடக்கிறது.

கோடையில் பெரும் சுற்றுலாக் கப்பல்கள் நகர நடுவிலேயே வந்து நிற்கின்றன. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறங்கி, அக்ஸ்லா படிகளில் ஏறி, படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். இப்படி வருபவருக்கு ஊரின் முகப்பு மட்டுமே தெரியும். இரவு தங்குபவரின் செலவோடு ஒப்பிட்டால் உணவகங்களுக்கும் பெரிய பயன் இல்லை. நெருக்கடியைச் சமாளிக்கச் சட்டங்கள் வந்திருக்கின்றன. சுற்றுலா மிகுந்த ஊராட்சிகள் தங்கும் கட்டணத்தில் 3 விழுக்காடு வரை வரி விதிக்க 2025இல் நார்வே நாடாளுமன்றம் இடமளித்தது. உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் 10,000 டன்னுக்கு உட்பட்ட பயணிக் கப்பல்கள் 2026 ஜனவரி முதல் புகையின்றி இயங்க வேண்டும். அதைவிடப் பெரிய கப்பல்களுக்கு 2032 வரை காலம் தரப்பட்டுள்ளது. ஓலெசுண்டைக் காண விரும்புபவர் குறைந்தது இரண்டு இரவாவது அங்கே தங்க வேண்டும்: ஒரு நாள் தெருக்களுக்கு, ஒரு நாள் தீவுகளுக்கு. மே கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ சென்றால் ஊர் அதன் சொந்த மக்களோடு இருப்பதைப் பார்க்கலாம்.